பத்லி ரத்தம்

பொன்னி எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்த முதல் நாள், சமையலறையில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் சமையலறையில் கடிகாரம் கிடையாது. நான் அலமாரியைத் திறந்து பார்த்தேன், அடுப்பின் குமிழைத் திருகிப் பார்த்தேன். பொன்னி பாத்திரம் துலக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"அது நான்தாம்மா. நெஞ்சுக்குள்ள இரும்பு வால்வு வச்சிருக்காங்க. தொறந்து மூடறப்ப டிக்குனு கேக்கும். ஒங்களுக்கு ஒத்துக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க, சில வீட்ல பயந்துக்கறாங்க."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் காலை ஆறு மணிக்கு வந்து இடியாப்பம் பிழிந்து கொடுக்கிற ஆள் கிடைப்பது லேசில்லை. சுயநலம் பயத்தை ஜெயித்தது. அப்படித்தான் அவள் ஒன்பது வருஷம் எங்கள் வீட்டில் வேலை செய்தாள். இதை எழுதுகிற வள்ளியம்மையாகிய நான் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அடுத்தவர் எழுதிய காகிதத்தைப் படித்துக் குறை கண்டுபிடிப்பதுதான் தொழில். பொன்னியின் கதையை எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று முடிவில் நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள்.

அவளுடைய ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். கட்டட வேலைக்கு டெல்லி வந்த அப்பா அம்மாவோடு ஆறு வயதில் ரயிலேறியவள். ஒன்பது வயதில், கட்டி முடியாத ஏதோ ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்தபோது, தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தது. பிறகு முழங்கால் வீங்கியது. அது வடிந்து முழங்கை வீங்கியது. மேஸ்திரி எங்கிருந்தோ மாத்திரை வாங்கிக் கொடுத்தார். வீக்கம் போனதும் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். அந்தக் காய்ச்சல் மூட்டுகளை விட்டுவிட்டு இதயத்தில் தங்கிக்கொண்டது யாருக்கும் தெரியவில்லை.

பதினெட்டு வயதில் பெயின்ட் அடிக்கிற சுப்பையாவைக் கட்டிக்கொண்டாள். இருபத்திரண்டில் உதயா பிறந்தாள். குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் பொன்னியால் படுத்துத் தூங்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒரு நாள் இருமலில் ரத்தம் வந்தபோது சுப்பையா அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மார்பைப் பிளந்து வால்வை மாற்றினார்கள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அவளை இருபது வருஷம் உயிரோடு வைத்திருந்த இடம் அது.

நான் விலங்கியலில் பட்டம் வாங்கியவள். இதயத்தின் படத்தைப் பரீட்சையில் வரைந்து அம்புக்குறி போட்டு முழு மார்க் எடுத்திருக்கிறேன். ஆனாலும் ரத்தம் எப்படிச் சுற்றுகிறது என்பது பொன்னி சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு மழை நாளில், பஸ் இல்லாமல் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டவள், டீ குடித்தபடி சொன்னாள்.

"நாலு ரூமும்மா. மேல ரெண்டு, கீழ ரெண்டு. ஒடம்பெல்லாம் சுத்திக் களச்சுப் போன ரத்தம் கறுத்து வலது பக்கம் மேல் ரூமுக்கு வருது. அங்கேருந்து கீழ் ரூம். கீழ் ரூம் அத நொரையீரலுக்குத் தள்ளும். அங்க போயி காத்து வாங்கிகிட்டு, செவப்பாயி, எடது பக்கம் மேல் ரூமுக்குத் திரும்பும். அங்கேருந்து கீழ எறங்கற கதவு இருக்கு பாருங்க, அதுதான் எனக்குக் கெட்டுப்போச்சு. அதத் தாண்டினாத்தான் எடது கீழ் ரூம் அத தலையிலேருந்து கால் வரைக்கும் அனுப்ப முடியும். கதவு தொறக்கலன்னா ரத்தம் எங்க போவும்? வந்த வழிலயே தேங்கும். நொரையீரல்ல. அதாம்மா படுத்தா மூச்சு முட்டிச்சு."

"இதெல்லாம் யார் சொன்னா?"

"ஆப்ரேசனுக்கு மொத நாள் ஒரு மலையாள நர்சு படம் போட்டுக் காட்டினாங்க. அந்த ஆஸ்பத்திரில வேற எதுவும் ஞாபகமில்ல. அந்தப் படம் மட்டும் போவல."

இதோடு முடிந்துவிட்டால் பரவாயில்லை. இரும்புக் கதவுக்கும் ரத்தத்துக்கும் ஒத்துக்கொள்ளாது. ரத்தம் தன் குழாய்க்குள் ஓடும்வரை நீராக இருக்கும். அந்நியமாக எதையாவது தொட்டால் உறைந்து ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். கதவில் உறைந்தால் கதவு சிக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் உறைந்த துண்டு பிய்த்துக்கொண்டு போய் மூளைக் குழாயை அடைக்கும். அதனால் ரத்தம் சீக்கிரம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை. மாத்திரை குறைந்தால் கதவு அடைக்கும். கூடினால் சின்னக் கசிவுகூட நிற்காது. அதற்கு மாதம் ஒரு முறை ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். சோதனையில் ஓர் எண் வரும். பொன்னிக்கு அது "நம்பர்". உங்களுக்கும் எனக்கும் அது ஒன்று. பொன்னிக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். இந்த ஒரு புள்ளி இடத்துக்குள்தான் அவள் இருபது வருஷம் குடியிருந்தாள்.

எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் நம்பர் விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. கீரையைக் கூடக் குறைய சாப்பிட மாட்டாள், கீரை நம்பரை இறக்கும். தலைவலி என்று கண்ட மாத்திரையைப் போட மாட்டாள், அது நம்பரை ஏற்றும். ஒவ்வொரு மாதமும் ஒரு புதன்கிழமை, விடிவதற்குள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுவிடுவாள். அந்தப் புதன்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு மஞ்சு வருவாள்.

மஞ்சு, பொன்னியின் பக்கத்து வீட்டுக்காரி. நாலா என்கிற பெரிய சாக்கடையின் ஓரத்தில், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற தமிழ்க் குடியிருப்பில் இருவருக்கும் ஒரே சுவர். முப்பத்தைந்து வயது, அதிகம் பேச மாட்டாள், கைவேலைதான் பேசும். ஒருத்திக்கு முடியாத நாளில் மற்றவள் அவள் வேலைக்குப் போக வேண்டும். டெல்லியில் இதற்குப் பத்லி என்று பெயர். பத்லி அனுப்பாமல் சுட்டி, அதாவது லீவு, எடுத்தால் வீட்டு அம்மாக்கள் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். நானும் அப்படிப்பட்ட அம்மாதான். "எத்தனை நாள் வேணும்னாலும் சுட்டி எடுத்துக்கோ, பத்லி அனுப்பிட்டு எடுத்துக்கோ" என்று முதல் மாதமே சட்டம் போட்டவள்.

அந்தப் பெண்களிடம் இதற்கு ஒரு கண்டிப்பான முறை இருந்தது. பத்லி போகிறவள் அரைகுறையாகச் செய்யக் கூடாது. மற்றவள் என்னென்ன செய்வாளோ அத்தனையும் செய்ய வேண்டும். ஒரு பாத்திரம் விட்டுப்போனாலும் கெட்ட பெயர் வீட்டுக்காரிக்கு, அதாவது அந்த வீட்டு வேலைக்குச் சொந்தக்காரிக்கு. சில வீடுகளில் மஞ்சுவை "பொன்னி" என்றே கூப்பிடுவார்கள். இன்னொரு பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ள அவர்களுக்கு அலுப்பு. அவளும் "ஹா(ன்) ஜீ", ஆமாங்க, என்று போவாள்.

போன அக்டோபர் கடைசியில் ஒரு புதன்கிழமை என் பெண் சிந்துவைப் பார்க்க புசா ரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடுவார்கள், பலகாரம் இங்கேதான். பொன்னி ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டாள், அன்று ஆஸ்பத்திரி நாள் என்று.

"அன்னைக்குப் பாத்தா ஆஸ்பத்திரி?" என்றேன். "மஞ்சு பிழியற இடியாப்பத்தை வச்சு நான் சம்பந்தம் பேசவா? வேணும்னா நீ ஆஸ்பத்திரிக்கு ஒரு பத்லி அனுப்பு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவளும் சிரித்தாள். ஆனால் சொன்னது நான்தான், அதை எந்த நீரில் கழுவினாலும் போகாது.

பொன்னி யோசித்துப் பார்த்திருக்கிறாள். மாத்திரை தீர்ந்துவிட்டது. தேதி தவறினால் அடுத்த தேதி ஒரு மாதம் தள்ளிப் போகும். மஞ்சு போய் அட்டையைக் காட்டி, "பொன்னிக்கு வர முடியல" என்று சொல்லி, மாத்திரையும் வேறொரு தேதியும் வாங்கி வந்தால் போதும். ரத்தம் அடுத்த முறை கொடுத்துக்கொள்ளலாம். அப்படித்தான் மஞ்சுவிடம் சொல்லி அட்டையைக் கொடுத்தாள். அந்தப் புதன் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து மாவு வறுக்க ஆரம்பித்தாள். வந்தவர்கள் இடியாப்பத்தை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அதே நேரத்தில் ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. மஞ்சு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

வரிசை நகர்ந்து நகர்ந்து ரத்தம் எடுக்கிற கவுண்ட்டருக்குக் கொண்டுபோய் விட்டது. டெல்லியின் அக்டோபர் காற்றுக்காக மஞ்சு சால்வையால் மூக்குவரை மூடியிருந்தாள். அட்டையில் இருந்த போட்டோ இருபது வருஷத்துப் பழசு, அதில் இருப்பது யார் என்று பொன்னியைப் பெற்றவளாலேயே சொல்ல முடியாது. உள்ளே இருந்தவர் "பொன்னி, ஜல்தி" என்றார். பின்னால் நூறு பேர் நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பேரச் சொல்லிக் கூப்ட்டாங்கம்மா. எப்பவும் போல ஹா(ன்) ஜீன்னேன். கைய நீட்டச் சொன்னாங்க, நீட்டினேன். பத்லின்னு போனா முழு வேலையும் செய்யணும்ல? பாதில வந்துட்டா அக்காவோட அட்டைய வெட்டிருவாங்களோன்னு பயம்."

மதியம் இரண்டு மணிக்கு முடிவு வந்தது. மஞ்சுவின் நல்ல ரத்தத்துக்கு நம்பர் ஒன்று புள்ளி ஒன்று. ஆரோக்கியமான மனுஷிக்கு இருக்க வேண்டிய நம்பர். ஆனால் காகிதத்தில் இருந்த பெயருக்கு அது சாவு நம்பர். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த டாக்டர் தலையைத் தூக்காமலே கத்தினார். மாத்திரையே போடுவதில்லையா, வால்வு அடைத்துச் சாக வேண்டுமா என்று இந்தியில் வெளுத்து வாங்கினார். மஞ்சு, "தினமும் போடறேன், ஒரு நாள்கூட விட்டதில்ல" என்று சத்தியம் செய்தாள். பொன்னி ஒழுங்காக மாத்திரை போடுகிறவள், அவள் பெயரை ஏன் கெடுக்க வேண்டும்? டாக்டர் தினம் நாலு மில்லிகிராமாக இருந்த மாத்திரையை ஆறாக்கி, ஒரு வாரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மருந்து ஜன்னலில் மாத்திரையும் கொடுத்துவிட்டார்கள்.

திரும்பும்போது வாசலில் ஒரு ஆளைக் காவலாளிகள் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். தம்பியின் அட்டையில் வைத்தியம் பார்க்க வந்தவனாம், போலீசைக் கூப்பிடப் போகிறார்களாம். தானும் அதையேதான் செய்திருக்கிறோம் என்று மஞ்சுவுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து பொன்னியிடம் மாத்திரையும் காகிதமும் இருந்த பிளாஸ்டிக் உறையை நீட்டி, "ரெண்டு மில்லி கூட்டிட்டாங்கக்கா, அடுத்த புதன் வரச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னாள்.

"ரத்தம் பாக்காமயா கூட்டினாங்க?"

"போன மாச நம்பரே கம்மியாம்."

போன மாத நம்பர் இரண்டு புள்ளி நாலு. உண்மையிலேயே கொஞ்சம் குறைச்சல்தான். பொன்னி நம்பினாள். எங்களிடம் வந்து சொன்னபோது நானும் நம்பினேன். தினமும் அறுபது காகிதம் படித்து, கமா இல்லை என்று திருப்பி அனுப்புகிறவள் நான். அந்த உறைக்குள் இருந்த ஒரே ஒரு காகிதத்தை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பதிலாக அக்கறை காட்டினேன். எங்கள் ஆபீசில் சேஷன் என்று ஒருவர் இருந்தார். காலில் உறைந்த ரத்தம் மேலே ஏறி, லிஃப்ட்டுக்குக் காத்திருந்த இடத்திலேயே சரிந்து விழுந்து இறந்தவர். நான் அப்போது பக்கத்தில் நின்றிருந்தேன். அதிலிருந்து உறைந்த ரத்தம் என்றால் எனக்குக் குலை நடுங்கும். நம்பர் குறைவு என்று கேட்டதும் சேஷனின் முகம்தான் வந்து நின்றது. பொன்னியின் மாத்திரை நேரம் சாயங்காலம் ஆறு மணி, அந்த நேரத்தில் அவள் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். மாத்திரை அட்டையை வாங்கி என் மசாலா அலமாரியில் வைத்துக்கொண்டேன். தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் முதல் வேலை, இரண்டு மில்லி மாத்திரை மூன்றை எண்ணி அவள் உள்ளங்கையில் போட்டு, விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பது. பெரிய தாய்ப்பாசம். நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அடுத்த புதன் குரு நானக் ஜெயந்தி. ஆஸ்பத்திரியில் வெளி நோயாளிப் பிரிவு மூடல். அதற்கடுத்த புதன்தான் இனி.

வியாழக்கிழமை, பொன்னி குனிந்தபோது இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தேன். பக்கெட் இடித்ததாம். சனிக்கிழமை ஈறில் ரத்தம். ஞாயிற்றுக்கிழமை மூக்கிலிருந்து. ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாக் தெரியாத அளவுக்குப் புகை மூட்டம். ஊரே இருமிக்கொண்டிருந்தது, ரத்தம் காற்று வாங்கப் போகிற இடத்தில் வாங்குவதற்குக் காற்று இல்லை. "இந்த விஷக் காத்துக்கு எல்லாருக்கும்தான் மூக்குல ரத்தம் வருது" என்றேன். சிந்துவுக்கும் வந்திருந்தது, அது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. பொன்னியின் மூக்கில் வைத்த பஞ்சு மட்டும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் நனைந்துகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு பொன்னி நின்றாள்.

"அம்மா, இது நம்பர் கம்மியான ஒடம்பு மாதிரி இல்ல. ஜாஸ்தியான ஒடம்பு மாதிரி இருக்கு. மின்ன ஒரு தடவ அஞ்சுக்குப் போச்சு, அப்பவும் இப்படித்தான் ஈறெல்லாம் கசிஞ்சிச்சு."

"நீயா முடிவு பண்ணாதே. டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார்ல? நாளன்னைக்கு புதன், ரத்தம் பார்த்துட்டு அப்புறம் குறைச்சுக்கலாம். அதுவரைக்கும் ஒரு வேளைகூட விடக் கூடாது."

விழுங்கினாள். அவள் வாதாடி நான் பார்த்ததில்லை. இருபது வருஷம் அந்த உடம்புக்குள் இருந்தவள் சொன்னதைவிட, நான் படிக்காத ஒரு காகிதம் எனக்குப் பெரிதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே நெற்றிப்பொட்டைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்தபோது கண் பாதிதான் திறந்திருந்தது. மூன்று மாத்திரையை நீட்டினேன்.

"இன்னிக்கு ஒரு நாள் வேணாம்மா."

"பொன்னி."

அவ்வளவுதான் சொன்னேன், பெயரை மட்டும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் என் முகத்தைப் படிக்கத் தெரிந்தவள். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அரை மணி நேரம் கழித்து சமையலறையில் குக்கர் மூடி விழுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், பொன்னி நின்றுகொண்டு தன் வலது கையை வேறு யாருடைய கையோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். வாய் கோணலாகத் திறந்தது, வார்த்தை வரவில்லை. வாந்தி எடுத்தாள்.

சிந்து ஆட்டோவைக் கூப்பிட்டாள். சுப்பையா குர்காவ்ன் பக்கம் பெயின்ட் வேலையில் இருந்தார். மஞ்சுவுக்குப் போன் செய்து, பொன்னியின் ஆஸ்பத்திரி உறையை எடுத்துக்கொண்டு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரச் சொன்னேன். வழியெல்லாம் பொன்னியின் தலை என் தோளில் கிடந்தது. அடைத்துவிட்டது, கதவு அடைத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். போட்ட மாத்திரை போதவில்லை என்று நினைத்தேன். ஆறுக்குப் பதில் எட்டாக எழுதியிருக்கக் கூடாதா என்றுகூட அந்த டாக்டர் மேல் கோபப்பட்டேன்.

அவசரப் பிரிவில் அருள்மணி என்ற இளம் டாக்டர் இருந்தார். திருநெல்வேலிக்காரர். பொன்னியின் கையைத் தூக்கிவிட்டுப் பார்த்தார், அது விழுந்தது. மஞ்சு உறையோடு ஓடி வந்தாள். டாக்டர் மேலே இருந்த காகிதத்தை எடுத்தார்.

"ரெண்டு வாரம் முன்னாடி ஒன்னு புள்ளி ஒன்னுதான் இருந்திருக்கு. வால்வுல கட்டி பிடிச்சு மூளைக்குப் போயிருக்கும். ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு கட்டியைக் கரைக்க மருந்து குடுக்கணும். முன்னால மூணு பேர் இருக்காங்க, கொஞ்சம் பொறுங்க."

காகிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குத் திரும்பினார். அப்போதுதான் அதை முதல் முறையாகப் படித்தேன். ஒன்று புள்ளி ஒன்று. பெயர் பொன்னி. ரத்தம் எடுத்த நேரம் காலை ஏழு நாற்பது. தேதி, சிந்துவைப் பெண் பார்க்க வந்த புதன்கிழமை. ஏழு நாற்பதுக்குப் பொன்னி என் அடுப்படியில் நின்று இடியாப்பத் தட்டை இறக்கிக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தேன். மஞ்சு சால்வையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இது அவள் ரத்தம். அப்படியென்றால் பொன்னியின் நம்பர் ஒன்றுக்கு இறங்கவே இல்லை. பதினாலு நாளாக, தேவைக்கு அதிகமான மாத்திரையை நான் எண்ணி எண்ணிக் கொடுத்திருக்கிறேன். உள்ளே அடைத்திருக்கவில்லை, கசிந்துகொண்டிருக்கிறது.

இதை அந்த நொடியே டாக்டரிடம் கத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அட்டையை மாற்றிக் கொடுத்தது குற்றம். விசாரித்தால், பொன்னி ஏன் அன்று வரவில்லை என்று கேட்பார்கள். செக்‌ஷன் ஆபீசர் வள்ளியம்மை வீட்டில் பலகாரம் செய்துகொண்டிருந்தாள் என்று யாராவது சொல்வார்கள். இவ்வளவும் என் மூளையில் வரிசையாக வந்தது. காகிதத்தை நாலாக மடித்தேன். உடம்பிலுள்ள ரத்தம் மொத்தமும் இதயத்துக்குப் போய்ச் சுற்றிவர ஒரு நிமிஷம்தான் ஆகும் என்று படித்திருக்கிறேன். அப்படி இரண்டு மூன்று சுற்று நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு சுற்றிலும் பொன்னியின் தலைக்குள் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது.

மஞ்சுதான் போய் டாக்டரின் கையைப் பிடித்தாள்.

"சார், அது என் ரத்தம். அக்காவோடது இல்ல. அன்னிக்கு நான்தான் குடுத்தேன். என்ன போலீஸ்ல குடுத்துருங்க, அக்காவப் பாருங்க."

டாக்டர் ஒரு வினாடி புரியாமல் பார்த்தார். பிறகு, "மாத்திரை கூட்டினாங்களா? எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"பதினாலு நாள்" என்றேன் நான். அதற்கு மட்டும் வாய் வந்தது.

அடுத்த நிமிஷம் எல்லாம் மாறிப்போயிற்று. ரத்தம் எடுத்துக்கொண்டு ஒருவர் ஓடினார். வரிசையை விலக்கிப் பொன்னியை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நம்பர் ஒன்பதைத் தாண்டியிருந்தது. மூளையின் இடது பக்கம் ஒரு எலுமிச்சை அளவுக்கு ரத்தம் கட்டியிருந்தது. ரத்தம் உறைய ஊசி போட்டார்கள், பிளாஸ்மா பைகளை ஒன்று மாற்றி ஒன்றாக ஏற்றினார்கள்.

பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு வந்த நாட்கள் அந்த ராத்திரியைவிட மோசம். மூளையில் கசிவு நிற்க வேண்டுமானால் மாத்திரை கூடாது. மாத்திரை இல்லையென்றால் கெட்டியான ரத்தத்துக்கு நடுவில் இரும்புக் கதவு தனியாக நிற்கும். பத்து நாள் அப்படி நின்றது. அருள்மணி தினமும் வந்து அவள் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சுப்பையா சுவரோரமாக நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பதினோராம் நாள் ஒரு மில்லியில் மறுபடி ஆரம்பித்தார்கள். இனி ஒவ்வொரு மில்லியும் ஒரு பந்தயம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். கடைசி நாள் நான் கொடுத்த மூன்று மாத்திரையால் எதுவும் ஆகியிருக்காது, அது வேலை செய்யவே இரண்டு நாள் ஆகும் என்று. ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ. அதற்கு முந்தைய பதின்மூன்று நாளும் கொடுத்தது யார்?

போலீஸ் வரவில்லை. விசாரணை எதுவும் இல்லை. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் யாருக்கும் நேரமில்லை. யாராவது என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளைப் பார்க்கப் போனேன். ஒன்பது வருஷத்தில் அந்தக் குடியிருப்புக்குள் நான் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. பொன்னி கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. நாலைந்து வார்த்தைதான் பேச்சில் மிச்சம். சேலத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் உதயா லீவு போட்டு வந்து பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது மஞ்சுதான் சாப்பாடு ஊட்டுவதிலிருந்து எல்லாம். என்னைப் பார்த்ததும் மஞ்சு எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

ஆறு மணிக்கு மஞ்சு மாத்திரையை எடுத்தாள். இப்போது மூன்று மில்லி. நான் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "பொன்னி, மாத்திரை" என்று நீட்டினேன்.

பொன்னி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனேன். அவள் கண்ணில் கோபம் எதுவும் இல்லை. இடது கையைத் தூக்கி என் மணிக்கட்டை மெதுவாகத் தள்ளினாள். சற்று விட்டு இன்னொரு முறை நீட்டினேன். மறுபடியும் தள்ளினாள், இந்த முறை கொஞ்சம் அழுத்தமாக.

"யாரு குடுத்தாலும் இப்பல்லாம் இப்படித்தாம்மா பண்ணுது" என்றாள் மஞ்சு, என்னைப் பார்க்காமல்.

என் உள்ளங்கையிலிருந்த மாத்திரையை எடுத்து, மஞ்சு அவள் முன்னால் குனிந்தாள். பொன்னி வாயைத் திறந்தாள்.